ஜிம்னிக்கு 235 டயர் ஏற்றியாச்சு, ஸ்பேசர் போடலாமா கூடாதா?

எண்ணூர் உப்புக்காத்து:
என் மாருதி ஜிம்னி ஜீப்புக்கு இரண்டு இன்ச் லிஃப்ட் (பாடியை உயர்த்தும் வேலை) போட்டு நாலு மாசம் ஆகிறது. போன வாரம் கம்பெனி கொடுத்த 195/80 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 ஏற்றினேன். நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. எர்ணாவூரில் யூ-டர்ன் அடிக்க ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் கர்ரென்று உரசுகிறது. குனிந்து பார்த்தேன். உள்பக்கம், ஆக்சிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் தண்டில் பெயிண்ட் போய் விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கோடு. டயர் போட்ட கடையில், "30 எம்.எம். ஸ்பேசர் போட்டா டயர் வெளியே தள்ளிக்கும், அவ்ளோதான்" என்கிறார்கள். ஸ்பேசர் என்றால் வீலுக்கும் அதை மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைக்கிற அலுமினிய வளையம். அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார்கள். நாலு சக்கரத்துக்கும் போடலாமா? மாசம் இரண்டு தடவை பழவேற்காடு பக்கம் மணலில் இறங்குவேன். மீதி நாளெல்லாம் மணலி ஆபீஸ்தான்.

பழைய ஜிப்ஸி:
வேண்டாம் தம்பி. வியாசர்பாடியில் லேத் வைத்திருந்தவன் நான். மாருதி ஜிப்ஸி ஜீப் ஓடிய காலத்தில் இதே ஸ்பேசரைக் கடைந்து தரச் சொல்லி வருவார்கள். ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் வீல் மாட்ட அஞ்சு ஸ்டட் போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் (பி.சி.டி.) 139.7 எம்.எம்., எல்லாம் ஒன்றுதான். பத்துப் பேருக்காவது கடைந்து கொடுத்திருப்பேன். அப்புறம் ஒருத்தர் வண்டி மீஞ்சூர் ரோட்டில் மூன்று சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, வேகம் இல்லை. உள்ளே இருந்த நட் தளர்ந்து, ஸ்பேசர் ஆடி ஆடி ஸ்டட் மரையெல்லாம் மழுங்கிப்போய் மொத்தமாகக் கழன்று வந்திருக்கிறது. அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

ஸ்பேசரில் இரண்டு செட் நட். உள் செட் ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கிறது, வெளி செட் வீலை ஸ்பேசரோடு பிடிக்கிறது. உள் செட்டைச் சோதிக்க வீலையே கழற்ற வேண்டும். யார் கழற்றிப் பார்க்கிறார்கள்?

மணல்மேடு:
நான் கழற்றிப் பார்க்கிறேன் அண்ணே. என் ஜிம்னியில் இரண்டு வருஷமாக நாலு ஸ்பேசர், இதே 235 டயர், 28,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போட்ட அன்று இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம், நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை, அப்புறம் டயர் மாற்றி மாட்டும்போதெல்லாம். ஒரு நட் கூட அசைந்ததில்லை. ஹப்புக்கும் ஸ்பேசருக்கும் நடுவே உராய்வு இருக்கிறதே, அதுதான் பாரத்தைத் தாங்குகிறது. இறுக்கம் சரியாக இருக்கிற வரைக்கும் ஸ்டட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து யாராவது பேரிங் போயிடும் என்று வருவீர்கள். சரி, வெளியே தள்ளிய ஆஃப்செட்டில் (ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து விலகியிருக்கும் அளவு) அலாய் ரிம் வாங்கிப் போட்டால் பேரிங் சும்மா இருக்குமா? 30 எம்.எம். தள்ளினால் ஸ்பேசரிலும் அலாயிலும் பாரம் ஒரே பாரம்தான்.

பழைய ஜிப்ஸி:
பேரிங் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். இறுக்கம் சரியாக இருக்கிற வரைக்கும் என்றீர்களே, என் பயம் அங்கேதான். உங்களிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. இந்தத் தம்பி ராத்திரி பத்து மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஞ்சராகி நின்றால்? பஞ்சர் கடைப் பையன் ஒரு அடி ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதிப்பான். அறுபது கிலோ ஆள் மிதித்தால் 180 நியூட்டன் மீட்டர் வரும். அலுமினியத்தில் அடித்து ஏற்றின ஸ்டட் என்ன பாடுபடும்?

இன்னொன்று உப்புக்காற்று. பெயரிலேயே வைத்திருக்கிறார். ஹப் இரும்பு, ஸ்பேசர் அலுமினியம், நடுவே உப்பு ஈரம். இரண்டு மழைக்காலம் போனால் வெள்ளைப் பொடி பூத்து ஹப்பைக் கவ்விக்கொள்ளும். சுத்தியல் இல்லாமல் வராது.

மணல்மேடு:
ஹப் விளிம்பில் மெல்லிசாக ஆன்டி-சீஸ் பசை தடவினால் கவ்வாது. ஸ்டட் மரையில் மட்டும் படக்கூடாது, பட்டால் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.

கொடுங்கையூர் டூவீலர்:
நடுவே வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் ஜிம்னி இல்லை, ஸ்கூட்டர்தான் இருக்கிறது. உங்கள் டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழைக்கால மணலி ரோட்டின் கறுப்புச் சேறு முழுக்க என் சட்டையில்தான் வந்து விழும். சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. லிஃப்ட், டயர், ஸ்பேசர் என்று தனித்தனியாக எழுதினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மணல்மேடு:
சட்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சேற்றுக்கு மட்கார்டை அகலமாக்கும் ஃபிளேர் போட்டிருக்கிறேன்.

ராயபுரம் கணக்கு:
கணக்கு என்றதும் வந்துவிட்டேன். 195/80 ஆர்15 டயரின் மொத்த உயரம் 693 எம்.எம். 235/75 ஆர்15 எடுத்தால் 733.5. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுதல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி கணக்குப்படி 63.5 போகும். மணல்மேடு சொன்ன 28,000 உண்மையில் 29,600 பக்கம் வரும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்!

இவ்வளவும் செய்து ஆக்சில் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டிக்கு அடியில் கூடுதலாகக் கிடைப்பது 20 எம்.எம். இடைவெளிதான். லிஃப்ட் பாடியைத்தான் தூக்கும், ஆக்சிலைத் தூக்காது. அதற்கு டயர்தான் வழி என்பதால் ஆசை புரிகிறது. ஆனால் போவது மணலுக்கு. காற்றை 15, 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலே பழைய டயர் மிதந்து போகும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை பேர் பேசியும் ஒருவரும் ரிம்மைக் கேட்கவில்லையே? 235/75க்கு ரிம் அகலம் குறைந்தது 6 இன்ச் வேண்டும். கம்பெனி ரிம் 5.5. அதில் ஏற்றிக் கொடுத்ததே தப்பு. வாங்குவதென்றால் ஆஃப்செட் பார்த்து ஒரு 6 இன்ச் ரிம் வாங்குங்கள். உரசலும் நிற்கும், ஸ்பேசரும் வேண்டியிருக்காது.

மணல்மேடு:
ரிம் என்றால் அஞ்சு ரிம் வாங்க வேண்டும் சார், ஸ்டெப்னியோடு சேர்த்து. செலவையும் யோசியுங்கள்.

எண்ணூர் உப்புக்காத்து:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கடைக்குப் போய் ஸ்பேசரைக் கையில் வாங்கினேன். பக்கத்துப் பட்டறையில் வெர்னியர் கடன் வாங்கி அளந்தேன். வண்டியின் ஹப் 108 எம்.எம்., ஸ்பேசரின் நடுத்துளை 110 எம்.எம். ஹப்பில் மாட்டி ஆட்டினால் டக் டக்கென்று சத்தம். "நட் போட்டா சரியாயிடும் ப்ரோ" என்றார்கள்.

மணல்மேடு:
கூம்பு நட் நடுவே இழுத்து உட்கார வைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஹப்பில் கச்சிதமாக உட்காராத ஸ்பேசரை நான் போட மாட்டேன். என்னுடையதைக் கையால் தள்ளித்தான் ஏற்றணும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணூர் உப்புக்காத்து:
கொடுத்தாச்சு. அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு 195ஐயே மாட்டிவிட்டேன். 235 நாலும் திண்ணையில் அடுக்கிக் கிடக்கிறது, தெருப்பூனை உள்ளே படுத்துக்கொள்கிறது.

மணல்மேடு:
பழைய ஜிப்ஸி அண்ணே, ஞாயிறு காலை காசிமேடு பக்கம் வருவேன். உங்கள் கையாலேயே என் ஸ்பேசரைக் கழற்றிப் பாருங்கள்.

பழைய ஜிப்ஸி:
வருகிறேன். டார்க் ரெஞ்ச் நீங்கள் கொண்டு வாருங்கள். சுத்தியல் என்னிடம் இருக்கிறது.