ஆண்டு மழை குறையவில்லை. நெல் ஏன் பதராகியது?

வெள்ளவத்தைவாசி:
கிளிநொச்சியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி வயல் உண்டு. பெரியப்பா பயிர் செய்கிறார். நான் கொழும்பிலிருந்து செலவுக்குக் காசு அனுப்புகிறேன். சென்ற காலபோகத்தில், அதாவது மாரிகாலப் பயிர்ச்செய்கையில், மழையின் மொத்த அளவு வழமைபோலவே இருந்தது என்கிறார். ஆனாலும் பாதிக்கு மேல் பதராகப் போய்விட்டது. இது எப்படி?

குளக்கட்டு:
ஆண்டுத் தொகையை வைத்து நெல்லைக் கணக்கிட முடியாது. நமது உலர் வலயம் ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதி. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. புழுதியில் விதைத்தவர் முதல் மழையை நம்பியே விதைக்கிறார். முளை வந்தபின் இரண்டு கிழமை வெயில் எறித்தால் மறுபடி விதைக்க வேண்டியதுதான். கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் குடலைப் பருவத்திலும் பூக்கும் வேளையிலும் ஈரம் இல்லாவிட்டால் மணி பிடிக்காது. பிறகு எவ்வளவு பெய்தாலும் மழைக் கணக்குத்தான் கூடுமே தவிர, பதர் நெல்லாகாது. அறுவடையை அண்டிப் பெய்தாலும் கேடுதான்: 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளங்களில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்கள் அப்படித்தான் அழிந்தன. பெரியப்பா எந்த இனத்தை, எப்போது விதைத்தார்?

வெள்ளவத்தைவாசி:
மூன்றரை மாத நெல், ஒக்டோபர் நடுப்பகுதியில். டிசெம்பர் நடுவில் நின்ற மழை பொங்கலுக்குப் பிறகுதான் திரும்பியதாம்.

குளக்கட்டு:
அப்படியானால் பயிர் சரியாகப் பூக்கும் நேரத்தில் மழை நின்றிருக்கிறது.

தம்பலகாமத்தான்:
குளத்தின் கீழ் செய்பவர்களை இத்தகைய இடைவெளி அவ்வளவாகத் தாக்காது. அவர்களுடைய கவலை குளம் நிறையுமா என்பதே. 2016 கடைசி மாதங்களில் மழை பொய்த்தபோது குளங்களே வற்றின. தண்ணீர் குறைந்த போகத்தில் வயலின் ஒரு பகுதியில் மட்டும் எல்லோரும் பங்கிட்டுப் பயிர் செய்யும் 'பெத்ம' என்னும் பழைய வழக்கம் சிங்களக் கிராமங்களில் உண்டு. மானாவாரிக்காரருக்கு அந்த வழியும் இல்லை. இன்னொன்று: எல் நினோ (பசிபிக் கடல் வழமையைவிடச் சூடேறும் காலம்) என்றதும் வறட்சி என்று இங்கே பேசிக்கொள்கிறோம், ஆனால் நம் தீவில் அது பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழையைக் கூட்டி, அடுத்துவரும் ஜனவரி முதல் மார்ச் வரை குறைக்கிறது. அத்தகைய ஆண்டில் இரண்டரை மாத இனம் தப்பக்கூடும். விளைச்சல் சற்றுக் குறையும்.

வெள்ளவத்தைவாசி:
இன்று தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். "அது மாரிக்குள்ளேயே முற்றிவிடும், ஈர நெல்லை எங்கே காயப்போடுவது, உன் வெள்ளவத்தை மொட்டை மாடியிலா?" என்று கேட்கிறார்.