உடற்பயிற்சி தொடங்கி 18 நாள், நிறை குறையாமல் கூடுகிறது. அவசரம், உதவுங்கள்

உப்புவெளிப்_பறவை · ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். நடை, ஜிம் என்று தொடங்கி இன்றோடு 18 நாள். தொடங்கும்போது 68.2. இன்று பின்னேரம் 70.6. சாப்பாட்டைக் கூட்டவில்லை. இரவில் சோற்றையே விட்டுவிட்டேன். பிறகு எப்படி 2.4 கிலோ கூடும்? வருகிற மாதம் வீட்டில் கலியாணம், உடுப்பு தைக்கக் கொடுத்தாயிற்று. நாளையோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது. தெரிந்தவர்கள் இன்றிரவே சொல்லுங்கள்.

இரும்புக்கை · இரவு 10.52

தம்பி, பயப்படாதே, இது நல்ல செய்தி. கொழுப்புப் போய்த் தசை வருகிறது, தசைக்குப் பாரம் அதிகம். நான் தொடங்கின காலத்தில் ஒரு மாதத்தில் 4 கிலோ ஏறினேன். விடாமல் தூக்கு. முட்டை வெள்ளைக்கரு தினமும் 6. எந்த ஜிம்? எவ்வளவு பாரம் தூக்குகிறாய்?

கிண்ணியா_வாசி · இரவு 11.05

முதலில் ஒன்று கேட்க வேண்டும். 68.2 எந்த மெசினில் பார்த்தது? 70.6 எந்த மெசினில்? எங்கள் வீட்டு மெசினைச் சீமெந்து நிலத்தில் வைத்தால் ஒரு கணக்கு, பாயின் மேல் வைத்தால் வேறு கணக்கு. இரண்டு தடவையும் ஒரே நேரத்திலா பார்த்தீர்கள்?

மூத்தவன் · இரவு 11.20

இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு மூன்று தடவை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் என்ன, என்ன சாப்பிடுகிறீர்கள், எதுவுமே எழுதவில்லை. ஆனால் பதில் மட்டும் இன்றிரவே வேண்டும். ஏழு நாளைக்கு வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுங்கள், தேத்தண்ணிச் சீனி உட்பட. விடை அந்தக் கொப்பியில் இருக்கும்.

உப்புவெளிப்_பறவை · திங்கள், காலை 6.10

நான் தம்பி இல்லை, அக்கா. வயது 37, உயரம் 5 அடி 2. 68.2 வீட்டில் காலையில் பார்த்தது. 70.6 ஜிம்மில், பயிற்சி முடிந்த பிறகு, சப்பாத்தோடு. ஒபிஸுக்கு நேரமாகிறது, மிச்சம் பிறகு.

கிண்ணியா_வாசி · காலை 6.31

சகோதரி, பாதி விடையை நீங்களே தந்துவிட்டீர்கள். காலையில் வெறும் வயிற்றில் பார்த்ததும் பின்னேரம் சப்பாத்தோடு பார்த்ததும் எப்படி ஒன்றாகும்? அரை லீற்றர் தண்ணீர் குடித்தாலே மெசின் அரை கிலோ கூட்டிக் காட்டும். நாளைக் காலையில் மலசலகூடம் போய்விட்டு, ஒன்றும் குடிக்காமல், வீட்டு மெசினிலேயே பாருங்கள். அதைப் பார்த்தபிறகு கதைப்போம்.

இரும்புக்கை · காலை 6.48

மன்னிக்க வேண்டும் அக்கா. ஆனாலும் தசைதான்.

மூத்தவன் · காலை 7.15

18 நாளில் 2 கிலோ தசை யாருக்கும் வராது, 37 வயதுப் பெண்ணுக்கு நிச்சயமாக வராது. கொழுப்புத் தசையாக மாறுவதும் இல்லை, அவை இரண்டும் வேறு வேறு திசுக்கள். ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் ஒரே பாரம். தசை கொஞ்சம் குறைந்த இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது சொன்னதுதான்: சாப்பாடு. நடந்து முடிய என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஆட்கள் ஒன்றுமில்லை என்பார்கள். கையில் ரோல்ஸ் இருக்கும்.

மான்குட்டி · காலை 8.02

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மா சொல்லவில்லை. கொள்ளை அவித்த தண்ணீர் காலையில் குடியுங்கள். கிழமையில் ஒருநாள் கன்னியாவுக்குப் போய் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் அள்ளிக் குளியுங்கள், உடம்பில் கட்டின நீர் இறங்கும். என் அம்மம்மாவின் வைத்தியம் இது.

கடல்_மண்_நடை · காலை 8.40

எங்கே நடக்கிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே! தார் ரோட்டில் நடந்தால் காலம் முழுக்க நடக்கலாம், ஒன்றும் குறையாது. டச்பே கடற்கரையில் காய்ந்த மணலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். அதே வேகத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கால் புதைந்து புதைந்து எடுக்க வேண்டுமே.

இரும்புக்கை · காலை 9.10

68 கிலோ ஆளை, அதுவும் இப்போதுதான் தொடங்கினவரை, மணலில் விடுவீர்களா? டச்பேயில் அலையடிக்கும் ஓரம் சரிவு. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முழங்கால் போய்விடும். உட்துறைமுக வீதிதான் சரி. மட்டமான ரோட்டு, காற்றும் உண்டு.

கடல்_மண்_நடை · காலை 9.22

உட்துறைமுக வீதியில் பின்னேரம் நாய்கள் துரத்துவதைச் சொல்லவில்லையே நீங்கள். காய்ந்த மணல் என்றுதான் எழுதினேன், ஓரம் என்று எழுதவில்லை. 11 வருடமாக நடக்கிறேன், என் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மான்குட்டி · காலை 9.50

இரண்டு பேரும் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயில் வரைக்கும் நடக்கலாமே. ஏற்றமும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும், கடவுளையும் கும்பிடலாம். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நடக்க வருகிறவர்கள் மான்களுக்குப் பாணும் பிஸ்கட்டும் போடாதீர்கள். பொலித்தீன் பையைச் சேர்த்தே விழுங்குகின்றன. போன கிழமை ஒரு புள்ளிமான் வாயில் பை தொங்கத் தொங்க நின்றது, கிட்டப் போய் இழுக்கவும் பயம். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கிண்ணியா_வாசி · காலை 10.05

மான் விசயம் நூறு வீதம் உண்மை. ஆனால் அந்தச் சகோதரியின் கேள்வி எங்கேயோ போய்விட்டது.

வெள்ளைத்_தொப்பி · பிற்பகல் 2.35

இரவு டியூட்டி முடித்துத் தூங்கி எழும்பி இப்போதுதான் பார்க்கிறேன். தங்கச்சி, நிறுத்த வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மூத்தவன் ஐயாவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. 2.4 கிலோவும் கொழுப்பு என்றால் 18,500 கலோரி அளவில் வரும். அதை 18 நாளுக்குப் பிரித்தால், உடம்புக்குத் தேவையானதற்கு மேலே ஒவ்வொரு நாளும் 1000 கலோரிக்குக் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இரவுச் சோற்றை விட்ட ஆள் அது தெரியாமலே சாப்பிட்டிருப்பார் என்பதை நான் நம்பமாட்டேன். கொஞ்சம் கொழுப்பு ஏறியிருக்கலாம். பெரும்பங்கு தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது? முதல்நாள் பாரம் தூக்கிவிட்டு அடுத்தநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருப்பீர்கள். பழக்கமில்லாத வேலையில் தசை நார்களில் நுண்ணிய காயம் ஏற்படும். அதை ஆற்ற உடம்பு அங்கே நீரைச் சேர்க்கும். உள்ளே நடக்கும் சின்ன வீக்கம் அது. அப்புறம், பயிற்சி செய்யச் செய்யத் தசை தன் எரிபொருளைக் கூட்டி வைக்கப் பழகும். அதன் பெயர் கிளைக்கோசன். ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் தன்னோடு 3 கிராம் அளவில் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். இவை போதாதென்று எங்கள் ஊர் வெயில். கச்சான் காற்று அனலாக வீசுகிற இந்த நாட்களில் புதிதாக வியர்க்க வியர்க்க நடக்கும் ஆளின் உடம்பு, முதல் ஒன்றிரண்டு கிழமையில் உப்பையும் நீரையும் இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். இதெல்லாம் நல்லதுக்குத்தான். மாதவிடாய்க்கு முந்திய நாட்கள் என்றால் அதிலும் ஒரு கிலோ வரை ஏறி இறங்கலாம்.

ஆனால் சில விசயங்கள் தெரியாமல் நான் நிம்மதியாகச் சொல்லமாட்டேன். ஏதாவது குளிசை எடுக்கிறீர்களா? வீசிங்குக்கு, தோல் கடிக்கு, நீரிழிவுக்கு, பிறசருக்கு, குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி, எதுவானாலும் சொல்லுங்கள். மேசு கழற்றினால் காலில் தடம் விழுகிறதா? கணுக்காலுக்கு மேலே எலும்பில் பெருவிரலால் அழுத்திப் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். குழி நிற்கிறதா?

மூத்தவன் · பிற்பகல் 3.10

தண்ணீர் விசயம் எனக்கும் தெரியும். சாப்பாட்டைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உப்புவெளிப்_பறவை · இரவு 9.15

வெள்ளைத்தொப்பி அக்கா, மிகவும் நன்றி. பெரிய குளிசை ஒன்றும் இல்லை. உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக், இரவில் ஒன்று, பாமசியில் கேட்டு வாங்கினது. ஜிம் தொடங்கின இரண்டாம் நாளிலிருந்து. வியர்க்கிறது என்று ஓ.ஆர்.எஸ். பக்கட் ஒன்று கரைத்துத் தினமும் ஒரு லீற்றரும் குடிக்கிறேன். மேசு கழற்றினால் தடம் இருக்கிறது, இவ்வளவு நாளும் மேசு இறுக்கம் என்று நினைத்தேன். அழுத்திப் பார்த்தேன், குழி கொஞ்சம் நின்றது, பிறகு மெல்ல நிரம்பியது.

மூத்தவன் ஐயாவுக்கு: டச்பேயில் 40 நிமிடம் நடந்து முடிய ஒரு சரை கச்சான் கடலை. சூடாகத் தருவார்கள். அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளைத்_தொப்பி · இரவு 9.40

இதை நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு பேரும் மணலில் நடந்திருக்கத் தேவையில்லை. டைக்ளோபெனாக் வகைக் குளிசைகள் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் செய்யும். கால் வீங்கும், பிறசர் ஏறும், வயிற்றையும் புண்ணாக்கும். 17 நாளாகத் தொடர்ந்து, டொக்டரைக் கேட்காமல் எடுப்பது சரியில்லை. ஓ.ஆர்.எஸ். வயிற்றோட்டத்துக்கு உயிர் காக்கிற மருந்து. ஒரு லீற்றர் பக்கட்டில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் இருக்கின்றன. ஒரு நாள் முழுதுக்கும் 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சம்பலும் கருவாடும் தனி. நாற்பது நிமிட நடைக்கு வெறும் தண்ணீர் போதும்.

நாளைக்கே ஒபிஸுக்கு அரைநாள் லீவு போட்டு டொக்டரிடம் போங்கள். குளிசைப் பட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறசர் பார்க்கச் சொல்லுங்கள். வீக்கம் இருப்பதால் சிறுநீரையும் தைரொயிட்டையும் சோதிக்கச் சொல்லலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கடுமையான தசை நோவோடு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனாலோ விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது. அந்த நேரமே பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

மெசினை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபடி. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது.

மூத்தவன் · இரவு 9.58

குளிசையை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கச்சானை விடமாட்டேன். 100 கிராமில் 570 கலோரி அளவில் இருக்கிறது. சரையில் 50 கிராம் என்றாலும் 280. நாற்பது நிமிட நடையில் நீங்கள் செலவழித்தது 150 முதல் 200 வரைக்கும்தான். கச்சான் நல்ல சாமான், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கடல்_மண்_நடை · இரவு 10.20

டச்பேயில்தான் நடக்கிறாரா! மணலிலா, மேலே நடைபாதையிலா?

கிண்ணியா_வாசி · ஆறு நாள் கழித்து

சகோதரி, டொக்டரிடம் போனீர்களா? ஒரு வரி எழுதினால் போதும்.

வெள்ளைத்_தொப்பி · பத்து நாள் கழித்து

நானும் தினமும் வந்து பார்க்கிறேன். சுகமாக இருந்தால் சரி.

உப்புவெளிப்_பறவை · பதினாறு நாள் கழித்து

தாமதத்துக்கு மன்னியுங்கள், கலியாண வேலை. டொக்டர் குளிசையை நிறுத்தச் சொன்னார். பிறசர் கொஞ்சம் கூட இருந்தது, போன செவ்வாய் திரும்பப் பார்த்தபோது சரி. சிறுநீர், தைரொயிட் இரண்டிலும் பிழை இல்லை. இன்று காலை வீட்டு மெசினில் 67.5. மேசுத் தடம் இல்லை. இடுப்பு 91 இலிருந்து 88. சாறிச் சட்டையைப் பக்கத்தில் பிடிக்கக் கொடுத்திருக்கிறேன். கச்சானை நானும் வீட்டுக்காரரும் ஒரு சரையில் பாதி பாதி. நடப்பது மேலே நடைபாதையில்.