ஊர் திரும்பும் முன் யாராவிலிருந்து பரோசாவுக்கு: நண்பர்கள், ஒயின் ஆலைகள், என் பூட்ஸ்

கம்பம் பந்தல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாசிக்கில் ஓர் ஒயின் ஆலையில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அங்கே அறுவடையின் பெரும்பகுதி முடிந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு பிப்ரவரி இறுதியில் விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்குக்கு வந்து, இங்குள்ள அறுவடைப் பருவத்திலும் வேலை செய்தேன். மே முதல் வாரத்தில் என் பணி முடிகிறது. அதன் பிறகு கார் எடுத்துக்கொண்டு மேற்கே கிரேட் வெஸ்டர்ன், அடுத்து தென் ஆஸ்திரேலியாவின் கூனவாரா, பரோசா என்று ஒயின் பகுதிகளில் ஒன்பது நாட்கள் சென்று, மூன்று இடங்களிலும் உள்ள பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டு, அடிலெய்டிலிருந்து மும்பைக்கு விமானம் ஏறுவதாகத் திட்டம்.

நான் இப்போது வேலை செய்யும் தோட்டம் ஃபிலாக்சரா என்ற திராட்சை வேர்ப் பூச்சியின் பாதிப்புப் பகுதிக்குள் இருக்கிறது. இதே பூட்ஸுடனும் உடைகளுடனும் மற்ற தோட்டங்களில் கால் வைப்பது சரியாகுமா என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பரோசா நண்பர் தம் பழைய ஷிராஸ் (ஒயினுக்கான கருந்திராட்சை ரகம்) கொடியிலிருந்து சில குச்சிகள் தருவதாக அன்போடு சொல்லியிருக்கிறார். கம்பத்தில் அப்பாவின் பன்னீர் திராட்சைப் பந்தலின் ஓரத்தில் நட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

செம்மண் மேடு:

தம்பி, புறப்படும் முன்பே கேட்டது மிகவும் நல்லது. நான் பரோசாவில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொடிப் பராமரிப்பில் இருக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் போகும் திசைதான் கவலைக்குரியது. பரோசாவிலிருந்து யாராவுக்குப் போகிறவரால் ஆபத்து குறைவு. பாதிப்புள்ள இடத்திலிருந்து பாதிப்பில்லாத இடத்திற்கு வருகிறவர்தான் பூச்சியைச் சுமந்து வரக்கூடியவர். விக்டோரியாவில் ஃபிலாக்சரா 1877இல் ஜீலாங் அருகே கண்டறியப்பட்டது. யாராவில் 2006இல் தெரியவந்தது. தென் ஆஸ்திரேலியா 1899இலேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றிக் கட்டுப்பாடுகளைத் தொடங்கியது, இன்றுவரை பூச்சி உள்ளே வரவில்லை. 1843இல் நடப்பட்ட ஷிராஸ் கொடிகள் எங்கள் ஊரில் இன்னும் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன என்றால் அந்தக் காவலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஐரோப்பாவில் அந்த வயதுக் கொடிகள் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பூச்சியால் அழிந்துவிட்டன.

பூச்சி ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். வேரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அந்தப் புண்களின் வழியே வேர் அழுகி, ஐந்தாறு ஆண்டுகளில் கொடி பட்டுப்போகும். கொடியில் அறிகுறி தெரிவதற்கே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், யார் காலில் வந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது. மருந்தும் கிடையாது. எதிர்ப்புத் திறன் உள்ள அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மறுபடியும் நடுவது ஒன்றே வழி, அதற்குள் நூறு ஆண்டுக் கொடி போய்விட்டிருக்கும். வெயில் காலத்தில் குஞ்சுப் பூச்சிகள் மண்ணிலிருந்து மேலேறி இலைகளிலும் திரிகின்றன. ஆகவே பூட்ஸைப் போலவே தொப்பி, சட்டை, காரின் தரைவிரிப்பு, கத்தரி எல்லாமே கவனிக்க வேண்டியவைதான்.

என் அறிவுரை இது: யாராவில் அணிந்த பூட்ஸை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, வழியில் புதியதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உடைகளைச் சூடான நீரில் துவைத்து, இயந்திரத்தில் சூடாகவே உலர்த்துங்கள். நண்பரின் வீட்டை அடைந்ததும், தோட்டத்திற்குள் போகும் முன்பு, கடைசியாக எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் தயங்கினால் வரிசைகளுக்குள் இறங்காமல் பீப்பாய் அறையிலேயே பேசிக்கொண்டிருக்கலாம். அதில் யாரும் வருந்த மாட்டார்கள்.

பெனோலா அக்கா:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒரே ஒரு திருத்தம். ரப்பர் பூட்ஸாக இருந்தால் கொடுத்துவிடத் தேவையில்லை. மண்ணை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 60 விநாடி முழுக வைத்து, கழுவாமல் உலர விட வேண்டும். கடையில் வாங்கும் பிளீச் 4 சதவீதம் என்றால் அதே அளவு தண்ணீர் சேர்த்தால் போதும். மண் ஒட்டியிருந்தால் குளோரின் அந்த மண்ணிலேயே வீரியம் இழந்துவிடும். பலரும் தவறுவது இங்கேதான். தோல் பூட்ஸ் இந்தக் கரைசலில் கெட்டுவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு வருவதே மேல்.

கிரேட் வெஸ்டர்னில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒயின் தயாரிப்பாளர் ஹென்றி பெஸ்ட் 1868இல் நட்ட நாற்றுப் பாத்தி அங்கே இன்னும் இருக்கிறது. அதில் சில கொடிகளுக்கு இன்றுவரை என்ன ரகம் என்று பெயர் தெரியாது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு தோண்டிய நிலவறைகளும் அதே ஊரில்தான். யாராவிலிருந்து வருகிறீர்கள் என்பதால் அந்தப் பாத்தியை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், அது போதும்.

கூனவாராவுக்கு மே தொடக்கத்தில் வருவதென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். எங்கள் பகுதி குளிர்ச்சியானது; சில ஆண்டுகளில் கேபர்னே சாவின்யோன் என்ற கருந்திராட்சையின் அறுவடை ஏப்ரல் இறுதி வரை இழுத்துக்கொண்டு போகும், அப்போது தொட்டிகளில் நொதித்தல் நடந்துகொண்டிருக்கும். பிழியும் நாளில் வந்து நிற்கும் விருந்தாளியை யாராலும் கவனிக்க முடியாது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் கையில் ஏதேனும் சமைத்த உணவுடன் வந்தால், அந்தப் பருவத்தில் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. மற்றபடி நிலக்கிழார் ஜான் ரிடக் 1890இல் தொடங்கிய பழத்தோட்டக் குடியேற்றத்தின் அந்தச் செம்மண் பட்டை, நீளம் சுமார் 15 கிலோமீட்டர், அகலம் மிகவும் குறைவு. சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லியதாகப் படிந்த மண் அது. சாலையோர வெட்டுக் குழியில் அந்த இரண்டு அடுக்குகளையும் பார்த்தால் இங்கே ஏன் கேபர்னே என்பது தெளிவாகிவிடும்.

இருமுடி:

குச்சி விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன், வேண்டாம். இந்தியாவுக்குள் நடவுப் பொருள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை. பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரும் குச்சியில் பூச்சி மட்டுமல்ல, வைரஸும் வரலாம். அது வெளியே தெரியாது.

அதற்குப் பதில் ஒயின் கொண்டு வாருங்கள். சுங்கத் தீர்வையின்றி 2 லிட்டர் வரை அனுமதி, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவது பாட்டிலுக்குத் தீர்வை கட்ட வேண்டும். சுவைக்கும் இடங்களில் துப்பிவிடுங்கள். முழு ஓட்டுநர் உரிமம் உள்ளவருக்கு இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கூனவாராவை ஒட்டிய பெனோலா ஊரிலிருந்து பரோசா கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். மாலை மங்கிய பிறகு கங்காருக்கள் சாலைக்கு வரும் என்பதால் காலையிலேயே புறப்படுங்கள்.

கம்பம் பந்தல்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தோல் பூட்ஸை இங்கே உடன் வேலை செய்யும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். ரப்பர் பூட்ஸ் இன்று காலை பிளீச் வாளியில் முழுகி, இப்போது வாசலில் காய்கிறது. பரோசா நண்பரிடம் குச்சி வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் அதைச் சொல்லியிருக்கவே கூடாது என்றார். அந்தக் கொடியிலிருந்து எடுத்த ஒயின் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். அப்பாவின் பந்தலும் சொந்த வேரில்தான் நிற்கிறது. ஊருக்குப் போனதும் முதலில் வீட்டு வாசலில் செருப்பு மாற்றிய பிறகே தோட்டத்திற்குள் இறங்குவேன்.

அக்கா, எட்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு மேல் பெனோலாவில் இருப்பேன். சமைத்துக் கொண்டு வருகிறேன்.