சாவி என் கையில், என்ஜின் நிற்கவில்லை

சயான் தம்பி:
பாய்மரப் படகில் டீசல் என்ஜினை நிறுத்த முடியாமல் தவித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஆபீஸ் நண்பரின் பழைய 28 அடிப் படகு. காற்று செத்துவிட்டதால் கடைசி ஒரு மணி நேரம் என்ஜின்தான். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதவையில் கட்டியாயிற்று. முன்பக்கம் கயிற்றோடு நின்ற நண்பர் "ஆஃப் பண்ணிடுங்க" என்று கத்தினார். சாவியைத் திருப்பினேன். பேனல் விளக்குகள் அணைந்தன, என்ஜின் ஓடியது. சாவியை உருவியே எடுத்துவிட்டேன். காலுக்கடியில் அதே தடதடப்பு. எட்டு வயது மகள் என் கையைப் பார்த்தபடி, "சாவிய எடுத்துட்டீங்களேப்பா, அப்புறம் எப்படி ஓடுது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பதறிப்போய்க் கீழே இறங்கி, பேட்டரியின் பெரிய சிவப்பு சுவிட்சைத் திருப்பினேன். அப்போதும் ஓடியது. லேசாகக் கருகல் வாடை. பக்கத்துப் படகிலிருந்து ஒரு கோலி மீனவப் பெரியவர் "தாம்பா, தாம்பா" (மராத்தியில் "நில்லுங்கள்") என்றபடி தாவி ஏறி, படிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கறுப்புக் குமிழைப் பிடித்து இழுத்தார். இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. மகளின் தொப்பி காலையிலிருந்து அந்தக் குமிழின்மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் டயோடுகள் போய்விட்டன. நண்பர் பணம் வாங்க மறுத்துவிட்டார். உறுத்தல் அதுதான்.

60 அடி ரோடு:
இதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. நான் 12 வருடமாக டீசல் வண்டி ஓட்டுகிறேன், சாவியைத் திருப்பினால் நிற்கும். சாவிக்கு அடங்காத என்ஜின் என்றால் ஒயரிங்கில் கோளாறு. அதைப் பார்க்காமல் எல்லா டீசலும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செம்பூர் டீசல்:
60 அடி ரோடு அண்ணா, ஒயரிங்கில் கோளாறே இல்லை. 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து இந்த என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் எண்ணெய் பற்றும். எண்ணெய் வரும்வரை ஓடும். உங்கள் வண்டியில் கரண்ட் இருந்தால்தான் எண்ணெய் வழி திறந்திருக்கும், சாவி அணைந்தால் மூடிக்கொள்ளும். பழைய படகு என்ஜின்களில் பம்பில் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை, அந்தக் கறுப்புக் குமிழோடு சேர்ந்த கம்பியால் இழுத்துத்தான் எண்ணெயை அடைக்க வேண்டும். இன்னொரு வகை, பொத்தானை அமுக்கினால் கரண்ட் போய் எண்ணெயை அடைக்கும். அதில் பேட்டரியை அணைத்துவிட்டால் அந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

என் கதை வேறு. மஜ்காவ் பக்கம் ஒரு பட்டறை, எனக்கு அப்போது 19 வயது. படகிலிருந்து கழற்றி வைத்த என்ஜின், யாரோ என்ஜின் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக ஏற ஆரம்பித்தது. ஸ்டாப் கம்பியை இழுத்தேன். டீசல் குழாயை மூடினேன். இன்னும் ஏறியது, பட்டறை முழுக்க நீலப்புகை. தன் ஆயிலையே காற்றுக்குழாய் வழியாக உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது, டீசலை மூடி என்ன பயன்? உள்ளங்கையால் காற்று வாயை மூடப் போனேன். உஸ்தாத் காலரைப் பிடித்து என்னைப் பின்னால் எறிந்துவிட்டு ஒரு பிளைவுட் பலகையை வைத்தார். டப்பென்று அந்த வாயில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பலகை வளைந்ததைப் பார்த்தேன். இப்போதும் எந்த என்ஜின் பக்கம் போனாலும் முதலில் காற்று வாய் எங்கே, அதை மூட என்ன இருக்கிறது என்றுதான் கண் தேடும்.

முலுண்டு வாசகி:
நான் பண்ணிய தப்பு இதற்கு நேர் எதிர். முதல் நாள் மாலை குமிழை இழுத்து அழகாக நிறுத்தினேன், திரும்ப உள்ளே தள்ளவில்லை. மறுநாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பத்து விநாடி, நிறுத்தம், மறுபடி பத்து விநாடி, இப்படியே இருபது தடவையாவது இருக்கும். எண்ணெய் வழி அடைத்தே கிடக்கிறது, என்ஜினைக் குளிர்விக்கும் கடல் தண்ணீர் பம்ப் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் சைலன்சரில் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதை வெளியே தள்ளப் புகை வேண்டுமே! தண்ணீர் பின்வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது.

மெக்கானிக் அளவுக்கோலை உருவிக் காட்டினார். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. கரும்பழுப்பாக வரவேண்டியது வெளுத்து நுரையோடு கோலில் வழிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, துணியில் துடைத்துவிட்டுக் கையைத் தட்டினார். அன்றிலிருந்து டீயைப் பார்த்தாலே எனக்கு அது ஞாபகம் வரும்.

பழைய கலாசி:
சயான் தம்பி, இதைக் கேளுங்கள். மிதவையைப் பிடித்ததும் கியர் நியூட்ரல். அப்படியே சில நிமிடம் மெதுவாக ஓடட்டும், என்ஜினுக்குள் சூடு சமமாக இறங்கும். டர்போ இருந்தால் இது கட்டாயம். இல்லை என்றால், நங்கூரப் பகுதிக்குள் மெதுவாக வந்த நேரமே போதும், ஐந்து நிமிடம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு தடவை பின்பக்கம் எட்டிப் பார்த்து, புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பவில்லை என்றால் நாளைக்குக் கிளம்புவதற்குமுன் இம்பெல்லரை, அதாவது அந்தத் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரத்தை, பார்க்க வேண்டும். அப்புறம் குமிழை இழுத்து, என்ஜின் முழுக்க நிற்கும்வரை விடாதீர்கள். நின்றதும் ஆயில் அழுத்தம் விழுந்து பஸர் கத்தும், அது சரிதான், பயப்பட வேண்டாம். அதன்பிறகுதான் சாவி. குமிழை உள்ளே தள்ளுங்கள், முலுண்டுத் தங்கை சொன்னதை மறக்காதீர்கள். ஓடும்போது பேட்டரி சுவிட்சைத் தொடவே கூடாது. ஆல்டர்னேட்டர் அனுப்பும் கரண்ட் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறும், டயோடுகள் எரியும். கருகல் வாடை அதுதான்.

டாங்க் அடியில் இருக்கும் டீசல் குழாயை மூடி நிறுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேறு வழியே இல்லாதபோது செய்யலாம், ஆனால் குழாயில் காற்று புகுந்துவிடும், மறுபடி ஸ்டார்ட் பண்ணக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். கடைசியாகக் கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டுங்கள். சாவியை எடுக்கும்போது கை தானாக வால்வுக்குப் போகும். ஜூன் பிறந்து மழைக்காகப் படகைக் கரையேற்றும் வரை நான் இப்படித்தான்.

வால்வைத் திறக்க மறந்து ஒரு இம்பெல்லரை எரித்திருக்கிறேன். ரப்பர் துண்டுகளைக் குழாயிலிருந்து பொறுக்க ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளில் கற்றதுதான் இந்தச் சாவி வழக்கம்.

60 அடி ரோடு:
செம்பூர் தம்பி சொன்ன பிறகு என் மெக்கானிக்கிடம் கேட்டேன். என் வண்டியில் கரண்ட் வகைதான். ஒயரிங் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஒன்று, படகை ஓட்டக் கொடுப்பவர் ஏறும்போதே அந்தக் குமிழைக் காட்டியிருக்க வேண்டும். தப்பு சயான் தம்பி மேல் இல்லை.

சயான் தம்பி:
நண்பர் காட்டினார் அண்ணா. மாண்ட்வா போகும்போதே காட்டினார். மகளுக்கு அப்போது குமட்டல், நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு "சரி சரி" என்றேன்.

போன மாதம் அதே படகில் போனோம். குமிழுக்கு நண்பர் சிவப்பு பெயிண்ட் அடித்திருக்கிறார். மகள் அதை இழுக்க அனுமதி கேட்டாள். இழுத்துப் பிடித்துக்கொண்டே, நின்றுவிட்டதா என்று என்னைப் பார்த்தாள். பஸர் கத்தியது. நான் தலையை ஆட்டியதும் உள்ளே தள்ளினாள்.