புதுப்பிப்பு: தங்கச்சி வயிற்றுக் குழந்தையின் இதய வால்வு

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் தங்கச்சிக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் பெருந்தமனி வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசல்) குறுகியிருப்பது தெரிந்தது. பிறக்கும் முன்பே சரிசெய்ய முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

முடியும். தாயின் வயிறு, கருப்பை வழியாக ஊசியைச் சிசுவின் இதயத்தின் இடது கீழறைக்குள் செலுத்தி, சின்ன பலூனை விரித்து வால்வைத் திறக்கிறார்கள். லண்டன் மருத்துவர்கள் இதை 1991-இல் எழுதி வெளியிட்டார்கள். அடைப்பு கடுமையாக நீடித்தால் இதயத்தின் இடது பக்கமே வளராமல் போகலாம். அதைத் தடுக்கத்தான் இவ்வளவு பாடும். ஆனால் சிசுவை இழக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் எல்லாருக்கும் செய்வதில்லை.

கோலாலம்பூர் நிபுணர் இதய ஸ்கேன் பார்த்துவிட்டு, இடது அறை நன்றாக வளர்கிறது, இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார். அப்புறம்தான் அம்மாவுக்கு மூச்சே வந்தது.

பிரசவம் குழந்தை இதய மருத்துவர் இருக்கும் இடத்தில்தான். பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் குழாய் பிறந்தபின் தானாக மூடிக்கொள்ளும். தேவைப்பட்டால், அதன் வழியே உடலுக்கு ரத்தம் போக, புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைக் கொடுத்துத் திறந்தே வைப்பார்கள். அடுத்த ஸ்கேன் முடிந்ததும் எழுதுகிறேன்.