அப்பாவோட ரெக்டம் கேன்சர் பயாப்ஸி ரிப்போர்ட்: இத வச்சு எத்தன வருஷம்னு சொல்ல முடியுமா?

சிறுவாணித்தண்ணி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு, மலக்குடல்ல கேன்சர், ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேல. அஞ்சு வாரம் ரேடியேஷன், கூடவே கேப்சிடபின்னு கீமோ மாத்திரை, அப்புறம் கொஞ்ச நாள் கேப் விட்டு ஆபரேஷன், இப்ப தற்காலிகமா வயித்துல பை வச்சிருக்காங்க. எடுத்த பீஸோட ரிப்போர்ட் கைக்கு வந்துடுச்சு ஆனா டாக்டர பாக்க அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட், அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாம கூகுள் பண்ணிப் பண்ணி தூக்கம் போச்சு.

ரிப்போர்ட்ல இருக்கறது: ஒய்பி டி3 என்1ஏ. 14 லிம்ப் நோடு கிடைச்சதுல 1 பாசிட்டிவ். சிஆர்எம் ஃப்ரீ, 4 மி.மீ தள்ளி. டிஆர்ஜி 2. நரம்ப சுத்தி கேன்சர் இருக்குன்னு போட்டிருக்கு, ரத்தக்குழாய்ல இல்லையாம். டியூமர் பட்டிங் ஹை. எம்எம்ஆர்னு எல்லாரும் பேசறாங்களே, அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல.

மச்சான் ஐடில இருக்காரு, அவரு என்னடான்னா ஸ்லைட ஸ்கேன் பண்ணி ஏஐகிட்ட குடுத்தா எத்தன வருஷம்னு சொல்லிடும்ங்கறாரு. நெஜமாவா? அம்மா ஒரே கேள்வியத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க, அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

---

கரிசல்மண்:

எங்க மாமியாருக்கும் இதே கேஸ்தான் தம்பி, ரிப்போர்ட்ல நோடு பாசிட்டிவ்னு பாத்துட்டு வீடே அழுதுச்சு. இப்ப பை எல்லாம் எடுத்து நல்லா இருக்காங்க, பேரன ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறாங்க. தைரியமா இருங்க. ரிப்போர்ட் பத்தி எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

---

ஊதாக்கலர் ஸ்லைடு:

நான் பேத்தாலஜிஸ்ட், இந்த மாதிரி பீஸ மெல்லிசா வெட்டி கண்ணாடி ஸ்லைடுல வச்சு மைக்ராஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் எழுதறதுதான் வேல. உங்க அப்பா ஸ்லைட நான் பாக்கல, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ரிப்போர்ட்ல இருக்கற எல்லா வரியும் ஒரே கனம் கிடையாது. நான் மொதல்ல தேடறது சிஆர்எம்தான். மலக்குடல சுத்தி இருக்கற கொழுப்போட சேத்து அத வெட்டி எடுப்பாங்க, அந்த வெட்டுன வெளி விளிம்புக்கும் கட்டிக்கும் எவ்ளோ தூரம்ங்கறதுதான் அது. 1 மி.மீ அல்லது அதுக்குள்ள இருந்தா பாசிட்டிவ்னு எடுத்துக்கறோம். 1986ல இங்கிலாந்து லீட்ஸ்ல ஃபிலிப் குவர்க்கும் அவரு கூட இருந்தவங்களும் 52 பேரோட பீஸ முழுசா குறுக்குவாட்டுல வெட்டிப் பாத்தாங்க, 14 பேருக்கு இந்த விளிம்புல கேன்சர் இருந்துச்சு, அதே எடத்துல திரும்ப வந்ததும் பெரும்பாலும் அவங்களுக்குத்தான். அதுவரைக்கும் இடுப்புக்குள்ள திரும்ப வந்தா அந்தக் கட்டியே மோசமான கட்டின்னு நெனச்சிட்டு இருந்தாங்க, சர்ஜன் எந்த ப்ளேன்ல வெட்டுறாருங்கறதும் அதே அளவுக்கு முக்கியம்னு இதுலதான் தெளிவாச்சு. அதுக்கு முன்னாடியே பேசிங்ஸ்டோக்ல பில் ஹீல்டுன்னு ஒரு சர்ஜன் அந்தக் கொழுப்பு உறைய கிழியாம முழுசா எடுக்கணும்னு 1982ல எழுதிட்டாரு, இன்னிக்கு உலகம் பூரா அந்த ஆபரேஷன்தான். உங்க அப்பாவுக்கு 4 மி.மீ இருக்கு, அது நல்ல சேதி. ரிப்போர்ட்ல மீசோரெக்டம், அதாவது அந்தக் கொழுப்பு உறை, கம்ப்ளீட்டா இல்லையான்னு ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்க.

நோடு, அதாவது நெணநீர் முடிச்சு: குறைஞ்சது 12 கிடைக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, ரேடியேஷனுக்கு அப்புறம் நோடு சுருங்கிடறதால பல நேரம் அதுகூட கிடைக்காது, 14 தேடி எடுத்திருக்காங்கன்னா அந்த லேப்ல யாரோ பொறுமையா உக்காந்திருக்காங்க. ஒண்ணு மட்டும் பாசிட்டிவ், அதான் என்1ஏ. டி3ன்னா கட்டி குடல் சுவரோட தசைய தாண்டிடுச்சுன்னு அர்த்தம், ஒய்பின்னா சிகிச்சைக்கு அப்புறம் எடுத்த பீஸ்ல பாத்தது.

டிஆர்ஜி 2ன்னு வெறும் நம்பர் போட்டிருக்கறதுதான் எனக்கு எரிச்சல். ரேடியேஷனுக்கு கட்டி எவ்ளோ கரைஞ்சுதுன்னு சொல்ற நம்பர் இது, ஆனா ஆளுக்கொரு ஸ்கேல். ட்வோராக் ஸ்கேல்ல 0ன்னா கொஞ்சமும் கரையல, 4ன்னா முழுசா போயிடுச்சு. மாண்டார்ட்ல அப்படியே தலைகீழ், 1தான் முழுசா போனது, 5 மோசம். ஏஜேசிசில 0 நல்லது, 3 மோசம். அப்ப மாண்டார்ட் 2ன்னா அங்கங்க ஒண்ணு ரெண்டு செல்தான் மிச்சம், பிரமாதம். மத்த ரெண்டுலயும் 2ன்னா நடுவாந்தரம். எந்த ஸ்கேல்னு கண்டிப்பா கேளுங்க, ஏன்னா இந்த ஒரு நம்பருக்கு நெஜமாவே எடை இருக்கு: ஜெர்மனில ரேடியேஷனோட கீமோ குடுத்துட்டு ஆபரேஷன் பண்ணவங்கள பத்து வருஷம் ஃபாலோ பண்ணதுல, முழுசா கரைஞ்சவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் வேற உறுப்புக்குப் பரவுச்சு, நடுவாந்தரத்துல 29, கொஞ்சமா கரைஞ்ச குரூப்ல 40 கிட்ட. மோசமான குரூப்லயே பாதிக்கு மேல ஆளுங்களுக்குப் பரவல, அதையும் கவனிங்க.

நரம்ப சுத்தி இருக்கறது நல்லதில்ல, மறைக்க மாட்டேன். டாக்டர் கீமோ பத்தி யோசிக்கும்போது அத கணக்குல எடுப்பாரு. ரத்தக்குழாய்ல இல்லங்கறது ஆறுதல், ஆனா ஸ்லைடுக்குப் போடற சாதா ஸ்டெயின்ல, அதாவது சாயத்துல, சின்ன வெயின் கண்ணுக்குத் தப்பிடும், எலாஸ்டிக் ஸ்டெயின் போட்டாதான் சுவர் தெரியும், அது போட்டாங்களான்னு கேக்கலாம்.

பட்டிங்க பாத்து பயப்படாதீங்க. கட்டியோட முனைல ஒத்த செல்லாவோ நாலு செல் வரைக்கும் கொத்தாவோ உதிர்ந்து நிக்கறத எண்ணறது அது, பத்தும் அதுக்கு மேலயும் இருந்தா ஹை. இந்தக் கணக்க 2016ல பெர்ன்ல உக்காந்து முடிவு பண்ணாங்க, ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற டேட்டா பெரும்பாலும் ரேடியேஷன் வாங்காத கட்டியோடது. ரேடியேஷன் கட்டிய துண்டு துண்டா ஒடச்சு நார் திசுக்குள்ள விட்டுடும், அதுவும் பட்டிங் மாதிரியேதான் தெரியும். நான்னா அந்த வரிய போட்டிருக்கவே மாட்டேன்.

எத்தன வருஷம்ங்கறதுக்கு வர்றேன். இதெல்லாம் சேத்துப் பாத்தா உங்க அப்பா எந்தக் கூட்டத்துல நிக்கறாருன்னு சொல்லலாம், நல்ல அடையாளமும் கெட்ட அடையாளமும் கலந்த நடு ரிஸ்க் கூட்டம். அந்தக் கூட்டத்துல அவரு யாருன்னு எந்த ஸ்லைடும் சொல்லாது. அம்மாகிட்ட "விளிம்பு சுத்தமா வந்துடுச்சு, ஒரு நோடுல இருந்துச்சு, அதுக்கு மேல மருந்து வேணுமான்னு அடுத்த வாரம் சொல்லுவாங்க"ன்னு சொல்லுங்க, அதுல பொய் ஒண்ணும் இல்ல.

---

பிக்ஸல்பாண்டி:

ஏஐ மேட்டருக்கு மட்டும் நான் வர்றேன், இமேஜ் அனாலிசிஸ்லதான் வேல பாக்கறேன். உங்க மச்சான் சொல்றது முழுசா ரீல் இல்ல. ஹைடல்பெர்க் டீம் ஒரு லட்சம் குட்டி குட்டி படத்த வச்சு, இது கட்டி, இது கொழுப்பு, இது நார் திசுன்னு ஒம்பது வகையா பிரிக்க கத்துக்குடுத்து அதுல இருந்து, கட்டிய சுத்தி இருக்கற திசுவ வச்சு, ஸ்ட்ரோமா ஸ்கோர்னு ஒண்ணு எடுத்தாங்க, 2019. அடுத்த வருஷமே ஆஸ்லோல இருந்து லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு பேப்பர், சாதாரண ஊதா ரோஸ் ஸ்லைட மட்டும் பாத்து பெருங்குடல் கேன்சர்ல யாருக்கு ரிஸ்க் ஜாஸ்தின்னு பிரிச்சுது, வேற நோயாளிங்க மேல டெஸ்ட் பண்ணியும் தாக்குப்பிடிச்சுது. பாரிஸ்ல ஜெரோம் காலோன் குரூப் வேற ரூட்டு, கட்டிக்குள்ளயும் முனைலயும் சிடி3, சிடி8ங்கற வகை டி செல் (நோய எதிர்க்கற வெள்ளை அணு) எவ்ளோ இருக்குன்னு எண்ணி இம்யூனோஸ்கோர், அது பெருங்குடல்ல நல்லாவே வேல செய்யுது.

ஆனா பாருங்க, பெருங்குடல்னு சொல்றேன் திரும்பத் திரும்ப. ரேடியேஷன் வாங்கின மலக்குடல் பீஸ்ங்கறது வேற படம், பாதி எடம் தழும்பும் சளி மாதிரி குளமும்தான், ரேடியேஷன் பாக்காத ஸ்லைடுல பழகின மாடல் அதப் பாத்து என்னத்த சொன்னாலும் நம்ப முடியாது. ஒரு லேப் ஸ்டெயின் இன்னொரு லேப் ஸ்டெயின் மாதிரி கூட இருக்காது, ஸ்கேனர் மாறினாலே சில மாடல் கவுந்துடும். அப்புறம் இதெல்லாம் குடுக்கறது ரிஸ்க் ஸ்கோர், ஹை லோ, அவ்ளோதான். மச்சான் மொபைல்ல ஸ்லைடு போட்டோ எடுத்து சாட்பாட்ல போடப் போறாருன்னா தயவுசெஞ்சு தடுத்துடுங்க, அது என்ன வேணா அடிச்சு விடும், அம்மா அத நம்பிடுவாங்க.

---

சிறுவாணித்தண்ணி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். எடுத்துப் பாத்தேன், மீசோரெக்டம் கம்ப்ளீட்னு இருக்கு. ஸ்கேல் பேரு எங்கயும் இல்ல, கேக்கறேன். எம்எம்ஆர் இப்ப பண்ணி எதாவது பிரயோஜனம் இருக்கா டாக்டர், ஆபரேஷனே முடிஞ்சிடுச்சே?

---

ஊதாக்கலர் ஸ்லைடு:

இருக்கு. எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6ன்னு, டிஎன்ஏல வர்ற பிழைய சரிபண்ற நாலு புரோட்டீன் இருக்கான்னு பாக்கற ஸ்டெயின் அது. மலக்குடல்ல அதுல ஏதாவது இல்லாத கேஸ் கொஞ்சம்தான், ஆனா அப்படி இல்லாமப் போனா கதையே மாறும். நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல அந்த மாதிரி மலக்குடல் கேன்சர் உள்ளவங்களுக்கு டோஸ்டார்லிமாப்னு இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியவே கேன்சர் மேல ஏவற மருந்து) மட்டும் குடுத்தாங்க, 2022ல மொதல் ரிசல்ட் வந்தப்ப சிகிச்சைய முடிச்ச 12 பேருக்கும் கட்டி இருந்த தடமே இல்ல, ரேடியேஷன், ஆபரேஷன் எதுவும் வேண்டியிருக்கல. அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிடுச்சு, ஆனா இனிமே எப்பவாவது மருந்து தேவைப்பட்டா இந்த ரிசல்ட் உதவும், பரம்பரையா வர்ற வகைன்னா உங்களுக்கும் உங்க கூடப்பொறந்தவங்களுக்கும் கொலனோஸ்கோபி சீக்கிரமே ஆரம்பிக்கணும்.

ஒண்ணு கவனிங்க, ஆபரேஷன் பீஸ்ல பண்ணச் சொல்லாதீங்க, மொதல்ல எடுத்த சின்ன பயாப்ஸி ப்ளாக்ல (திசுவ மெழுகுல பதிச்சு வச்சிருக்கற கட்டி) பண்ணச் சொல்லுங்க. ரேடியேஷன், கீமோவுக்கு அப்புறம் எம்எஸ்எச்6 ஸ்டெயின் சில நேரம் மங்கிப்போய் தப்பா காட்டும்.

---

சிறுவாணித்தண்ணி:

மொத பயாப்ஸி வேற லேப்ல எடுத்தது, ப்ளாக் கேட்டா குடுப்பாங்களா?

---

ஊதாக்கலர் ஸ்லைடு:

ரிப்போர்ட் காப்பியும் ஒரு லெட்டரும் குடுத்தா பொதுவா குடுப்பாங்க, கையெழுத்து வாங்கிப்பாங்க. ப்ளாக்க வாங்கிட்டு வரும்போது வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டுல மட்டும் வச்சிடாதீங்க, மெழுகு எளகிடும்.