1 மி.மீ. கோடுகள்: ஸ்கிரீன் பிரிண்ட்ல நான் வரையாத அலை தெரியுது, ஏன்?

குடந்தை_கோடு:
கோடுகளாலேயே கண்ணை ஏமாத்துற பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி பாணியில வளைந்த கறுப்புக் கோடுகள். கோடு 1 மி.மீ., இடைவெளி 1 மி.மீ., நடுவுல நெருங்கி 0.4 வரைக்கும் போகுது. 300 ஜிஎஸ்எம் பேப்பர், தண்ணி மை, 43டி மெஷ் (ஸ்கிரீன் வலைத்துணி). பாசிட்டிவ் (டிசைனை ஸ்கிரீன்ல பதிக்க வைக்கிற படம்) ட்ரேசிங் பேப்பர்ல எடுத்த லேசர் பிரிண்ட். கோடுகளுக்குக் குறுக்கே பட்டை பட்டையா அலை விழுது. நெருக்கமான இடம் அடைச்சுக்குது. அடுத்து இதையே சிவப்பும் நீலமும் ஒட்டி ஒட்டி அடிக்கணும். கும்பகோணத்துல இப்ப ஐப்பசி மழை வேற.

மெஷ்காரர்:
43 மஞ்சப்பை அடிக்க சரி, இதுக்கு ஆகாது. செ.மீ.க்கு 43 இழைன்னா இழைக்கு இழை 0.23 மி.மீ. உங்க 0.4 கோட்டுக்கு ரெண்டு இழைகூட வராது. இழையும் கோடும் மோதித்தான் அந்த அலை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்ககிட்ட 120 கேளுங்க, அதுல கிட்டத்தட்ட 5 இழை கிடைக்கும். மஞ்சள் மெஷ்ஷா இருக்கட்டும். வெள்ளை மெஷ் வெளிச்சத்தைச் சிதறடிச்சு மெல்லிய கோட்டை மூடிடும். மஞ்சளுக்கு எக்ஸ்போஸ் (வெளிச்சம் காட்டுற) நேரம் கூடுதலா வேணும், துண்டு துண்டா டெஸ்ட் போட்டுப் பாருங்க.

நேர்கோடுன்னா ஃபிலிமை (பாசிட்டிவை) 22.5 டிகிரி திருப்பி ஒட்டினா போதும். வளைந்த கோடு எங்கேயாவது இழைக்கு இணையா வந்தே தீரும், அங்க ஓரம் ரம்பப்பல்லா தெரியும். அதனால நெருக்கமான மெஷ்தான் வழி. எமல்ஷன் (வெளிச்சம் பட்டா இறுகுற பூச்சு) பூசுறதுக்கு முன்னாடியே ஃபிலிமை மெஷ் மேல வச்சு டியூப்லைட்டுக்கு நேரா பாருங்க. அங்க அலை தெரிஞ்சா பிரிண்ட்லயும் தெரியும்.

ட்ரேசிங் பேப்பரை விடுங்க. லேசர் சூட்டுல சுருங்கும், டோனர்ல ஊசி ஓட்டை இருக்கும். தஞ்சாவூர்லயோ திருச்சியிலயோ ஃபிலிம் எடுத்துடுங்க.

ஸ்குவீஜி75:
கோடு தடிக்கிறதைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க. ஓரத்துக்கு 0.1 பரவினாலே கறுப்பு 1.2, வெள்ளை 0.8. கண்ணு கூசுற அந்த அதிர்வே போய் வெறும் சாம்பல் ஆயிடும். ஸ்குவீஜி (மையை இழுக்கிற ரப்பர் பட்டை) 70-75 ஷோர் கடினம், கூர் மழுங்காதது. ஸ்கிரீனுக்கும் பேப்பருக்கும் 2-3 மி.மீ. இடைவெளி. ஒரே இழுப்பு, ரெண்டாவது இழுத்தா ஓரம் பரவும். மையில தண்ணி ஊத்தாதீங்க. அதுக்கு மேலயும் தடிச்சா, பரவுறதை அளந்து அந்த அளவுக்கு ஃபிலிம்லயே கோட்டைக் குறைச்சுடுங்க.

ரைலி 1965ல 'ஃபிராக்மெண்ட்ஸ்' வரிசை 7 படத்தையும் பிளெக்ஸிகிளாஸ்ல (அக்ரிலிக் பலகையில) அடிச்சாங்க. மை உறிஞ்சாத பரப்பு, ஓரம் கத்தி மாதிரி நிக்கும். அதுல தண்ணி மை ஒட்டாது, அக்ரிலிக்குக்கான சால்வென்ட் மை வேணும்.

குடந்தை_கோடு:
நன்றி அண்ணா. ரெண்டு கலரும் சேருற ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணு 0.3 மி.மீ. ஏத்தி அடிக்கலாமா?

பலகைமுனை:
போஸ்டர்னா அடிக்கலாம். இதுல அந்த 0.3 மூணாவது கலர் கோடா எழும்பி நிக்கும், கண்ணு அதையே பிடிச்சுக்கும். கலரை ஆராய்ஞ்ச ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸோட 1972 தொகுப்புல 127 ஸ்கிரீன் பிரிண்ட். அதுல பக்கத்துக் கலர்தான் ஒரு கலரை மாத்திக் காட்டும், அதுக்கு ஓரம் சுத்தமா சந்திக்கணும். கீழ இருக்கிற கலரை மூடுற மை எடுத்து 0.1க்கு மேல ஏத்தாதீங்க.

அந்த அளவுக்கு நிக்கணும்னா பேப்பர் அசையக் கூடாது. மழை ஈரத்துல பேப்பர் நாருக்குக் குறுக்கே விரியும். கட்டைப் பிரிச்சு ரெண்டு நாள் அடிக்கிற ரூம்லயே வைங்க, எல்லாத் தாளையும் நார் ஒரே பக்கமா ஓடுற மாதிரி வெட்டுங்க, ரெண்டு கலரையும் ஒரே நாள்ல முடிங்க. நடுவுல ஹேர் டிரையர் காட்டாதீங்க, சுருங்கிடும். எமல்ஷனுக்கு மட்டும் காட்டுங்க, அதுவும் சூடில்லாத காத்து. இந்த ஈரத்துல பாதி காஞ்ச எமல்ஷன் கழுவும்போதே உரிஞ்சு வரும்.